கறுப்பு ஸ்ட்ரிங் போட்டால் பந்து கூடச் சுழலுமா? திருகோணமலை உப்புவெளி விறாந்தையில் செய்து பார்த்தது

டென்னிஸ் ரக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடக் கொண்டுவரும் பிள்ளைகள் எத்தனை இறாத்தல் (பவுண்ட்) விசையில் இழுக்கவேண்டும் என்று சொல்வதற்கு முன்னமே நிறத்தைச் சொல்லிவிடுவார்கள். "அண்ணா, கறுப்பு இருக்கா? கறுப்புத்தான் நல்லாச் சுழட்டும்." அடுத்தவர் வந்து, "மஞ்சள் மட்டும் வேணாம், போன முறை போட்டது கட்டை மாதிரி அடிச்சிச்சு" என்பார். வயதில் மூத்த ஆட்டக்காரர்களும் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். வெள்ளை மென்மை, கறுப்பு கடினம், சிவப்பு சீக்கிரம் தளரும் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பல வருடம் ஆடிய ஒருவரின் மணிக்கட்டு மிக நுட்பமானது. இரண்டு இறாத்தல் வித்தியாசத்தைச் சிலர் நாலைந்து அடியிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே அவர்கள் உணர்வது உண்மை என்றே வைத்துக்கொண்டேன். அந்த வித்தியாசம் நிறத்திலிருந்து வருகிறதா, நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறொன்றிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமில்லை. நடால் ரக்கெட்டில் இருந்த பபோலா ஆர்பிஎம் பிளாஸ்ட் என்ற பொலியெஸ்டர் ஸ்ட்ரிங் கறுப்பு. அவருடைய பந்து சுழன்ற விதத்தை உலகமே பார்த்தது. ஆனால் அந்த இழை எட்டு முகம் கொண்டது, மேலே சிலிக்கோன் பூச்சும் உண்டு. ஃபெடரர் நெடுக்கில் போட்டது மாட்டுக் குடலிலிருந்து செய்த இயற்கை இழை, குறுக்கில் லக்ஸிலோன் அலு பவர் ரஃப் என்ற பொலியெஸ்டர் இழை. ஒன்று பால் நிறம், மற்றது வெள்ளி நிறம். இவற்றில் நிறம் என்பது பொருளின் அடையாளம். இயற்கைக் குடலையும் பொலியெஸ்டரையும் வைத்து அடித்துவிட்டு "பால் நிறம் மென்மை, வெள்ளி நிறம் கடினம்" என்று சொன்னால், சொன்னது சரி, காரணம் மட்டும் வேறு. நிறத்தைத் தனியே பிரித்துப் பார்க்கவேண்டுமானால் ஒரே கம்பனி, ஒரே பெயர், ஒரே தடிப்பு, நிறம் மட்டும் வேறு என்று இருக்கவேண்டும்.

அப்படி ஒரு பொலியெஸ்டர் இழை கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மூன்றிலும் 1.25 மில்லிமீற்றர் என்றுதான் எழுதியிருந்தது. வட்ட வெட்டுமுகம், பூச்சு எதுவும் இல்லை. இரண்டு ரக்கெட்டும் ஒரே மொடல், 100 சதுர அங்குலத் தலை, நெடுக்கில் 16 இழை, குறுக்கில் 19. மெஷின் என்னுடைய பழைய பாரத்தண்டு மெஷின்தான். தண்டில் எடை தொங்கி இழுப்பதால் மின்சாரம் போனாலும் இழுவிசை மாறாது. இந்த வகைச் சோதனைக்கு அதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது.

செய்தவற்றைச் சொல்லுமுன், சாயம் இழைக்குள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லவேண்டும். பொலியெஸ்டர் இழைக்கு வெளியே பெயின்ட் அடிப்பதில்லை. பிளாஸ்டிக் மணிகளை உருக்கும்போதே செறிவான நிற மணிகளைக் கொஞ்சம் சேர்த்து, சிறு துளைவழியே இழுத்து, குளிரவைத்து, மீண்டும் சூடாக்கி நீட்டுகிறார்கள். கறுப்புக்குப் பெரும்பாலும் காபன் கரி, வெள்ளைக்கு டைட்டேனியம் டயொக்சைட். நிறத்துணிக்கை இழையின் உடம்பிலேயே கலந்திருப்பதால் "நிறம் வெறும் தோற்றம்" என்று ஒரேயடியாகச் சொல்லமுடியாது. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சில துணிக்கைகளைச் சுற்றிப் பளிங்காக்கம், அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வது, சீக்கிரம் தொடங்கும். பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. அதே அச்சில் வார்த்தாலும் சில நீல, பச்சைச் சாயங்கள் சேர்த்தால் பொருள் வேறு அளவில் சுருங்கும். நெசவு நூல் செய்பவர்களுக்கும் தெரிந்த ஒன்று உண்டு. டைட்டேனியம் டயொக்சைட் சேர்த்து மங்கலாக்கிய நூலின் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகி, தொடும் பரப்புக் குறைவதால், பளபளப்பான நூலைவிட இலகுவாக வழுக்கும். அதேவேளை நூல் ஓடும் வழிகாட்டிகளையும் தேய்த்துவிடும். ஆகவே கொள்கையளவில் வித்தியாசம் வர வழி இருக்கிறது. அது கைக்குத் தெரியுமளவுக்குப் பெரியதா என்பதைத்தான் பார்க்க நினைத்தேன்.

முதல் வேலை தடிப்பு. மைக்றோமீற்றரால் ஒவ்வொரு இழையையும் பல இடங்களில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்காகத் திருப்பித் திருப்பி அளந்தேன். கறுப்பும் வெள்ளையும் 1.25-ஐ ஒட்டியே நின்றன. மஞ்சள் எங்கே வைத்தாலும் 1.29 பக்கம் போனது. மைக்றோமீற்றரை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில் கைப்பிழை வரும் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. சென்றல் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் மூன்றையும் கொண்டுபோனேன். பொன் நிறுக்கும் தராசு கிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும். பொலியெஸ்டரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.38 கிராம். அந்தக் கணக்கில் 1.25 மில்லிமீற்றர் இழை ஒரு மீற்றருக்கு 1.69 கிராம் நிற்கவேண்டும், 1.29 என்றால் 1.80. தராசு காட்டியதும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. மஞ்சள் உண்மையிலேயே தடிப்பு.

0.04 மில்லிமீற்றர் என்று கேட்டால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் இழையின் விறைப்பு விட்டத்தைப் பொறுத்ததல்ல, வெட்டுமுகப் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.29-ஐ 1.25-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 1.065 வரும். ஆறரை வீதம் கூடுதல் பொருள். "மஞ்சள் கட்டை மாதிரி அடிக்குது" என்ற பிள்ளையை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நீட்சி. இதற்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை, அரிசி மூடை போதும். 25 கிலோ என்பது 55 இறாத்தல். நாங்கள் சாதாரணமாக இழுக்கும் இழுவிசையும் ஏறத்தாழ அதுதான். பின்விறாந்தையின் இரும்பு வளையில் ஒரு குழாயைக் கட்டி, அதில் இழையை நாலைந்து சுற்றுச் சுற்றி நுனியைப் பிடிக்கவைத்தேன். கீழேயும் அப்படியே இன்னொரு குழாய், அதில் மூடை. முடிச்சுப் போடக்கூடாது. முடிச்சு இறுகும்போது வரும் நீளமும் இழையின் நீட்சியாகக் கணக்கில் சேர்ந்துவிடும். சுற்றிய குழாயில் உராய்வே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், நுனிக்கு எதுவும் வராது. இழையில் இரண்டு இடத்தில் மெல்லிய ஒட்டுத்தாள் அடையாளம் வைத்து, மூடை தொங்குமுன்னும் தொங்கிய பின்னும் அவற்றுக்கிடையிலான தூரத்தை அளந்தால் வேலை முடிந்தது.

கறுப்பும் வெள்ளையும் நீண்ட அளவில் பென்சில் கோட்டின் தடிப்புக்கு மேல் வேறுபாடு இல்லை. மஞ்சள் குறைவாகவே நீண்டது. எவ்வளவு குறைவு என்பதைத் தடிப்புக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மிச்சம் வைக்காமல் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. மஞ்சள் சாயம் என்று தனியே ஒரு விறைப்பைச் சொல்ல இடமே இருக்கவில்லை. மூடையை இரவு முழுக்கத் தொங்கவிட்டுக் காலையில் பார்த்தபோதும், மெல்ல மெல்ல நீளும் அந்தத் தளர்வு மூன்றிலும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

ஸ்ட்ரிங் போட்டதில் விசேடமாகச் சொல்ல அதிகமில்லை. மூன்றுக்கும் 52 இறாத்தல். இழுத்த இழையைப் பிடித்துவைக்கும் கிளாம்ப் மஞ்சளுக்கு ஒருமாதிரியும் மற்ற இரண்டுக்கும் ஒருமாதிரியும் பிடித்தது, அதுவும் தடிப்பால்தான், திருகைச் சரிசெய்யவேண்டியிருந்தது. பொலியெஸ்டர் இழக்கப்போகும் இழுவிசையில் பெரும்பங்கை முதல் நாளிலேயே இழந்துவிடும் என்பதால், ஒப்பிடும் ரக்கெட் இரண்டும் ஒரே மாலையில் போட்டவையாக இருக்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். நேற்றுப் போட்ட கறுப்பையும் போன மாதம் போட்ட வெள்ளையையும் வைத்து நிறத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை.

இழுவிசையை அளக்க கைத்தொலைபேசி செயலி போதுமானது. ஸ்ட்ரிங்கைப் பென்சிலால் தட்டினால் எழும் ஒலியின் அதிர்வெண்ணை அது சொல்லும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 560 ஹேர்ட்ஸ் 540-க்கு இறங்கினால் இழுவிசை 7 வீதம் போய்விட்டது என்று பொருள். இங்கேதான் மஞ்சளின் கதை சுவாரசியமாகிறது. ஒரே இழுவிசையில் கனமான இழை மெதுவாக அதிரும். ஆறரை வீதம் கனம் கூடினால் ஒலி மூன்று வீதமளவு இறங்கும். மஞ்சளின் ஒலி உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. ஓங்கி அடிக்கும்போது இழை நீளமறுப்பதால் கைக்கு விறைப்பு, காதுக்கோ மந்தமான சத்தம். இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் "கட்டை" என்ற ஒரே சொல்லால் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார். அவ்வளவு துல்லியமான விவரிப்பை நான் எந்த விளம்பரத்திலும் படித்ததில்லை.

பிறகு ஆட்கள். கண் தெரிந்தால் நிறம் தெரியும், கண்ணைக் கட்டினால் ஆட முடியாது. ஆகவே இரண்டு கட்டமாகச் செய்தோம். முதலில் கண்ணைத் துவாயால் கட்டி, ரக்கெட்டை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பந்தை அதில் போட்டோம். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது சரியாகச் சொன்னதும் பிழையாகச் சொன்னதும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது, அதாவது குருட்டு ஊகம். மஞ்சளை மட்டும் நன்றாக ஆடுபவர்கள் அநேகமாகக் கண்டுபிடித்தார்கள். காதில் பஞ்சு வைத்தவுடன் அந்த அநேகமும் குறைந்தது. மெதுவான பந்தில் கையைவிடக் காதுதான் கூட வேலை செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கட்டத்தில் கண்ணைத் திறந்து வழமைபோல ஆடவிட்டோம். இந்த முறை இரண்டு ரக்கெட்டிலும் இழுவிசையும் தடிப்பும் ஒன்றே, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஆனால் சிலரிடம் "கறுப்பை மூன்று இறாத்தல் கூட இழுத்திருக்கு" என்றும், மற்றவர்களிடம் "வெள்ளையை மூன்று இறாத்தல் கூட இழுத்திருக்கு" என்றும் சொல்லிவைத்தேன். விளையாட்டு முடிந்ததும் உண்மையை எல்லோருக்கும் சொன்னேன். எதை இறுக்கம் என்று சொன்னேனோ அதைத்தான் பெரும்பாலானோர் இறுக்கம் என்றார்கள். ஒரு தம்பி மட்டும் ரக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கு ரெண்டும் ஒண்டுதான், அண்ணா பொய் சொல்றீங்க" என்று நேரே சொன்னான். அவனுக்கு வயது 14. அவன் கையை நான் இப்போது மைக்றோமீற்றருக்கு அடுத்தபடியாக நம்புகிறேன்.

சுழற்சிக்குத் தனியாக ஒரு சோதனை தேவைப்பட்டது, ஏனென்றால் கறுப்பைப் பற்றிய முக்கிய நம்பிக்கையே அதுதான். பந்தில் மார்க்கரால் நடுவே ஒரு கோடு சுற்றி வரைந்து, கைத்தொலைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பக்கத்திலிருந்து பதிவுசெய்தால், கோடு ஒரு சுற்றுச் சுற்றிவர எத்தனை படம் எடுக்கிறது என்று எண்ணலாம். பத்துப் படத்துக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு 24 சுற்று, நிமிடத்துக்கு 1440. ஒரே ஆள் ஒரே ரக்கெட்டால் அடிக்கும் பந்துகளுக்குள்ளேயே இந்த எண்ணிக்கை நிறைய மேலும் கீழும் போகிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் காணாமல் போய்விட்டது.

சுழற்சியை உண்மையில் கூட்டுவது நெடுக்கிழை பக்கவாட்டில் வழுக்கிப்போய்ச் சுண்டித் திரும்புவது. 1977-இல் ஃபிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் ருமேனிய வீரர் நஸ்டாஸே "ஸ்பகெட்டி" ரக்கெட்டோடு வந்து, களிமண் தரையில் மாதக்கணக்காகத் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த ஆர்ஜென்டீன வீரர் வில்லாஸை எதிர்த்தபோது நடந்ததும் இதன் தீவிர வடிவம்தான். இழைகள் பின்னப்படாமல் தாராளமாக வழுக்கின. இரண்டு செட் தோற்றதும் வில்லாஸ் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். அந்த ரக்கெட் உடனேயே தடைசெய்யப்பட்டது. பொலியெஸ்டர் அந்த வழுக்கலில் ஒரு சிறு பங்கை ஆட்ட விதிகளுக்குள் நின்றே தருகிறது.

வழுக்கல் என்று வந்தால் திருமலையில் நிறத்தைவிடப் பெரிய விசயம் உப்பு. கடற்கரையோரம் வைத்த ரக்கெட்டில் இழைகள் குறுக்கிடும் மூலைகளில் மெல்லிய பிசுக்கும் மணலும் சேர்ந்துவிடுகின்றன. நெடுக்கிழையை விரலால் பக்கத்துக்குத் தள்ளிவிட்டுப் பாருங்கள். புது ஸ்ட்ரிங் சட்டென்று திரும்பும். உப்பேறியது அங்கேயே நிற்கும். ஈரத் துணியால் துடைத்து, காயவைத்துவிட்டு மீண்டும் தள்ளினேன், திரும்பியது. கறுப்பிலும் வெள்ளையிலும் இதே கதைதான், ஆனால் வெள்ளையில் அழுக்குக் கண்ணுக்குத் தெரிவதால் பிள்ளைகள் துடைக்கிறார்கள். கறுப்பில் யாரும் துடைப்பதில்லை. இழையில் அச்சிட்ட கம்பனி அடையாள மையும் முதல் சில மணிநேரம் இந்த வழுக்கலைக் கொஞ்சம் மாற்றும், பிறகு தேய்ந்துவிடும்.

வெயிலைப் பற்றி எனக்கு வலுவான எதிர்பார்ப்பு இருந்தது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்து மத்தியானத்தில் கறுப்பு நிறம் எப்படிச் சுடும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. கறுப்பு ஸ்ட்ரிங் சூடாகி, இளகி, தளர்ந்துவிடும் என்றே நினைத்தேன். வெளியே காற்றில் இரண்டு ரக்கெட்டையும் வைத்துத் தட்டிப் பார்த்தபோது அதிர்வெண்ணில் நிறத்துக்கேற்ற வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. யோசித்தால் காரணம் எளிது. 1.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள இழைக்குப் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிக அதிகம். வாங்கும் வெப்பத்தைக் காற்று உடனே பறித்துக்கொண்டு போய்விடுகிறது. கண்ணாடி மூடிய காருக்குள் வைத்தபோது கறுப்புக் கொஞ்சம் கூடுதலாகத் தளர்ந்தது. ஆனால் வெள்ளையும் அங்கே மோசமாகத்தான் தளர்ந்தது. அந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியைவிட, காருக்குள் வைத்த வெள்ளைக்கும் வீட்டுக்குள் வைத்த வெள்ளைக்கும் இடையிலான இடைவெளி பன்மடங்கு. இந்தச் சோதனைக்கு அகச்சிவப்பு வெப்பமானியை நம்பவேண்டாம். அது பார்க்கும் வட்டம் இழையைவிடப் பெரியது, இழைக்குப் பின்னால் இருக்கும் இருக்கையின் சூட்டைத்தான் காட்டும்.

நைலோன் இழை போடுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பொலியெஸ்டர் ஈரப்பதனை அரை வீதத்துக்கும் குறைவாகவே உறிஞ்சும். நைலோன் பல வீதம் உறிஞ்சி இளகும். போன மார்கழியில் வாடையும் மழையுமாக இருந்தபோது வெள்ளை நைலோன் போட்டு ஆடியவர், ஆடியில் கறுப்பு நைலோன் போட்டு "கறுப்பு விறைப்பு" என்று சொன்னால், அவர் ஒப்பிட்டது இரண்டு பருவக்காற்றுகளை. எங்கள் ஊரில் நிறத்தைப் பற்றிய கதைகளில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

நிறம் நேரடியாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு, அது கண்ணுக்கு. நண்பகல் வெயிலில் வெள்ளை ஸ்ட்ரிங் மினுங்குகிறது என்று சிலர் சொல்வது எனக்கும் தெரிகிறது. வலையருகே பந்தை மறிக்கும்போது கறுப்புக் கண்ணை உறுத்துவதில்லை. அது பிடித்திருந்தால் கறுப்புப் போடுவதற்கு அதுவே போதுமான காரணம். ஸ்ட்ரிங் போடுகிறவன் என்ற முறையில் என் விருப்பம் மட்டும் வெளிர் நிறந்தான். இழைகள் ஒன்றையொன்று அறுத்துப் பள்ளம் விழுவது வெளிர் நிறத்தில் முன்கூட்டியே தெரியும். கறுப்பில் அறுந்து தெறித்த பிறகுதான் தெரிகிறது.

இப்போது கறுப்புக் கேட்டு வருபவருக்குக் கறுப்பே போட்டுக் கொடுக்கிறேன். மஞ்சளை விரும்பிக் கேட்பவர்களுக்கு, அந்தச் சுருளுக்கு மட்டும், இரண்டு இறாத்தல் குறைத்து இழுக்கிறேன். மெலிந்த கையோடு ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் போடுவதில்லை. அடுத்த முறை வரும் மஞ்சள் சுருள் சரியாக 1.25 இருக்கவும் கூடும். அதனால் எந்த நிறச் சுருள் வந்தாலும் பிரித்தவுடன் ஒரு மீற்றர் வெட்டி நகைக்கடைக்குக் கொண்டுபோய், நிறையைச் சுருளின் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதிவைக்கிறேன். பொலியெஸ்டருக்கு 1.69-ஐ அண்டியிருந்தால் வழமையான இழுவிசை, 1.80-ஐத் தொட்டால் இறக்கவேண்டும்.